இந்த வரம்பு எங்கிருந்து வந்தது? நச்சியல் கேள்வி – பதில்

குடிநீரிலும் காற்றிலும் உணவிலும் கலந்திருக்கும் வேதிப்பொருள்களுக்கு "இவ்வளவுதான் இருக்கலாம்" என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், மாணவர்கள், வீட்டுத் தண்ணீரின் சோதனை அறிக்கையோடு கவலைப்படுபவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எலிகளுக்குத் தினமும் 10 மி.கி. கொடுத்தபோது குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் 10 மி.கி. எலிக்குப் பாதுகாப்பானது என்று சொல்லலாம்தானே? – முதுகலை மாணவி

பதில்: சொல்ல முடியாது. எத்தனை எலிகளில் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். 10 எலிகளில் ஒன்றுக்குக்கூட பாதிப்பு இல்லை என்றாலும், உண்மையான பாதிப்பு விகிதம் 26% வரை இருக்க இடமுண்டு. 95% நம்பிக்கை எல்லை அதைத்தான் காட்டும். 50 எலிகளில் ஒன்றும் இல்லை என்றால் அந்த மேல் எல்லை சுமார் 6%. 'பாதிப்பு தென்படவில்லை' என்பதற்கும் 'பாதிப்பு இல்லை' என்பதற்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். குழுவுக்கு 50 எலிகள். டோஸ், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0, 10, 30, 100 மி.கி. கல்லீரலில் பாதிப்பு கண்ட எலிகள் முறையே 2, 4, 10, 30. அதாவது 4%, 8%, 20%, 60%. கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் 10 மி.கி. குழுவில் உள்ள வேறுபாடு புள்ளியியல் சோதனையில் தேறாது, 30 மி.கி. குழுவில் தேறும். ஆகவே பாதிப்பு தென்படாத உச்ச டோஸ், நச்சியலாளர்கள் 'நோயெல்' என்று சொல்வது, இங்கே 10 மி.கி.

இதே ஆய்வைக் குழுவுக்கு 10 எலிகளோடு நடத்தி 0, 1, 2, 6 எலிகளுக்குப் பாதிப்பு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விகிதங்கள் ஏறக்குறைய அதே. ஆனால் 10-இல் 2 என்பது 10-இல் 0-இலிருந்து புள்ளியியல்படி பிரிந்து தெரியாது. நோயெல் 30 மி.கி. ஆகிவிடும்! ஆய்வு சிறிதாகச் சிறிதாக வேதிப்பொருள் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான். தவிர, நோயெல் என்பது ஆய்வாளர் தேர்ந்தெடுத்த டோஸ்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 10-க்கும் 30-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை.

கேள்வி: நோயெலுக்குப் பதில் பெஞ்ச்மார்க் டோஸ் பயன்படுத்தச் சொல்கிறார்கள். கணக்கை ஒரு முறை படிப்படியாகக் காட்ட முடியுமா? – ஆய்வக உதவியாளர்

பதில்: பெஞ்ச்மார்க் டோஸ் முறையை 1984-இல் கென்னி கிரம்ப் முன்வைத்தார். எல்லாக் குழுக்களின் தரவுக்கும் சேர்த்து ஒரு வளைகோட்டைப் பொருத்தி, முன்கூட்டியே தீர்மானித்த ஒரு சிறு பாதிப்பு எந்த டோஸில் வருகிறது என்று படிப்பதே அதன் சாரம்.

முதல் வேலை, அந்தச் சிறு பாதிப்பைத் தீர்மானிப்பது. 'பாதிக்கப்பட்டது, பாதிக்கப்படவில்லை' என்று எண்ணும் தரவுக்கு வழக்கமாக 10% கூடுதல் அபாயம். கூடுதல் அபாயம் என்பது வெறும் கழித்தல் அல்ல. கட்டுப்பாட்டுக் குழுவிலேயே 4% பாதிப்பு இருப்பதால், மீதி 96%-இல் எத்தனை பங்கு புதிதாகப் பாதிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வில் 30 மி.கி. குழுவுக்கு (20 − 4) ÷ (100 − 4), அதாவது 16.7%. எடை, நொதி அளவு போன்ற தொடர் அளவீடுகளுக்கு, சராசரி எண் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு நகர்வதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொதுவாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு மாறினால் உடலுக்குக் கேடு என்று உயிரியல்படி தெரிந்திருந்தால், அந்த எண்ணையே வைப்பதுதான் மேல்.

அடுத்தது மாடல்கள். அமெரிக்க முகமையின் பி.எம்.டி.எஸ்., நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ப்ரோஸ்ட் என்ற இரண்டு மென்பொருள்களையும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். லாஜிஸ்டிக், புரோபிட், காமா, வைபுல், பல்கட்ட மாடல் என்று பலவற்றையும் ஒரே தரவில் ஓட்டுங்கள். நம் தரவில் வைபுல் வளைகோடு எல்லாப் புள்ளிகளையும் கிட்டத்தட்டத் தொட்டுச் செல்கிறது. 10% கூடுதல் அபாயம் சுமார் 20 மி.கி.யில் வருகிறது. இன்னும் எளிய, குறைந்த டோஸில் நேர்கோடாகவே ஏறும் மாடலைப் போட்டால் அது சுமார் 13 மி.கி. இரண்டு மாடலுமே தரவோடு ஒத்துப்போகின்றன.

எதை எடுப்பது? இங்கேதான் கீழ் எல்லை உதவுகிறது. வரம்பு போடப் பயன்படுவது பெஞ்ச்மார்க் டோஸ் அல்ல. அதன் 95% நம்பிக்கைக் கீழ் எல்லை, சுருக்கமாக பி.எம்.டி.எல். வைபுலில் அது சுமார் 11, எளிய மாடலில் சுமார் 10. மைய மதிப்புகள் விலகி நின்றாலும் கீழ் எல்லைகள் அருகருகே நிற்கின்றன. அமெரிக்க முகமையின் 2012 வழிகாட்டுதலின்படி பொருத்தத்தின் பி-மதிப்பு (மாடல் தரவோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் எண்) 0.1-க்கு மேல் இருக்க வேண்டும். பெஞ்ச்மார்க் டோஸுக்கு அருகிலுள்ள குழுவில் அளவிட்ட எச்சம், அதாவது தரவுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள விலகல், 2-ஐத் தாண்டக் கூடாது. தேறிய மாடல்களின் கீழ் எல்லைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, ஏறக்குறைய 3 மடங்குக்குள், இருந்தால் ஏ.ஐ.சி. எண் (பொருத்தத்தையும் மாடலின் எளிமையையும் சேர்த்து எடைபோடுவது) குறைந்ததை எடுக்கலாம். இல்லாவிட்டால் மிகக் குறைந்த கீழ் எல்லையை எடுக்க வேண்டும். நம் ஆய்வில் எளிய மாடலின் ஏ.ஐ.சி. ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்துகிறது. ஆக 10 மி.கி.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் நோயெல் தந்த அதே 10-தானே என்று தோன்றலாம். 10 எலிகள் மட்டுமே உள்ள ஆய்வை நினைத்துப் பாருங்கள். அங்கே நோயெல் 30-க்கு ஏறியது. பி.எம்.டி.எல். அதற்கு நேர்மாறாகக் கீழே இறங்கும், ஏனென்றால் தரவு குறையும்போது நம்பிக்கை இடைவெளி விரிகிறது. நல்ல ஆய்வுக்கு உயர்ந்த எண், மோசமான ஆய்வுக்குத் தாழ்ந்த எண். நியாயம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரே மாடலைத் தேர்ந்தெடுப்பதைவிட, எல்லா மாடல்களையும் அவற்றின் பொருத்தத்துக்கு ஏற்ப எடையிட்டுச் சராசரி எடுப்பதையே 2017 முதல் பரிந்துரைக்கிறது. 2022 திருத்தம் அதை பேயசியன் முறையில், அதாவது முன்னறிவையும் தரவையும் நிகழ்தகவாக இணைத்து, செய்யச் சொல்கிறது. 13-ஐயும் 20-ஐயும் ஒருசேரத் தாங்கும் தரவில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதைவிட இதுவே நேர்மையானது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மென்பொருள் ஓடுகிறது, ஆனால் கீழ் எல்லை நம்ப முடியாத அளவுக்குத் தாழ்வாக வருகிறது. எங்கே தவறு? – ஆராய்ச்சி மாணவர்

பதில்: அநேகமாகத் தவறு உள்ளிட்ட தரவில்தான் இருக்கும். அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறோம்.

கட்டுரையில் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் திட்ட விலக்கமா (விலங்குக்கு விலங்கு உள்ள சிதறல்), திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று பாருங்கள். பல கட்டுரைகள் திட்டப் பிழையைத்தான் தருகின்றன. அதைக் குழுவின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான் திட்ட விலக்கம் கிடைக்கும். குழுவில் 16 விலங்குகள் இருந்தால் 4 மடங்கு வேறுபாடு! இதைக் கவனிக்காவிட்டால் நம்பிக்கை இடைவெளி பொய்யாக இறுகும். 'ஒரு திட்ட விலக்கம்' என்ற அளவுகோலே சுருங்கி, பெஞ்ச்மார்க் டோஸும் கீழ் எல்லையும் தாழ்ந்துவிடும்.

தீவனத்தில் கலந்த அளவை அப்படியே டோஸாக இடுவது இன்னொன்று. தீவனத்தில் 100 பிபிஎம் என்றால் வளர்ந்த எலிக்கு ஏறக்குறைய கிலோவுக்கு 5 மி.கி., இளம் எலிக்கு 10 மி.கி., சுண்டெலிக்கு 15 மி.கி. ஆய்வில் உண்மையான தீவன நுகர்வு அளவிடப்பட்டிருந்தால் இந்தப் பொது மதிப்புகளைத் தொட வேண்டாம்.

கருவுற்ற விலங்குகளில் செய்த ஆய்வு என்றால், ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றுபோலவே பாதிக்கப்படும். 20 தாய்களின் 240 குட்டிகளை 240 தனி விலங்குகளாக எண்ணினால் பொய்யான துல்லியம் கிடைக்கும். அடுக்கு மாடல் வேண்டும், அல்லது தாயையே அலகாகக் கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் தாழ்கிறது என்றால் வளைகோட்டின் வடிவத்தைப் பாருங்கள். மிகக் குறைந்த டோஸிலேயே 50% பாதிப்பு, அடுத்த டோஸ்களில் 55%, 60% என்றால், 10% எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தத் தரவில் சான்றே இல்லை. மாடல் தன் கற்பனையால் வெற்றிடத்தை நிரப்புகிறது. வைபுல், காமா மாடல்களின் அடுக்கெண்ணை 1-க்குக் கீழே போகவிட்டால், பூஜ்ஜியத்துக்கு அருகில் வளைகோடு செங்குத்தாக எழும்பி, கீழ் எல்லையை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். அதனால்தான் அதை 1-க்குக் குறையாமல் கட்டுவது வழக்கம். உச்ச டோஸில் விலங்குகள் வேறு காரணத்தால் இறந்து, வளைகோடு கீழ்நோக்கித் திரும்பினால், அந்தக் குழுவை நீக்கி மீண்டும் ஓட்டலாம். ஆனால் ஏன் நீக்கினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். எந்தத் திருத்தமும் உதவாவிட்டால், மாடலை விட்டுவிட்டு நோயெலுக்குத் திரும்புவதில் வெட்கம் இல்லை.

கேள்வி: மனிதருக்கு மாற்றும்போது 100-ஆல் வகுக்கிறார்கள். ஏன் 100? – பள்ளி ஆசிரியர்

பதில்: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் லேமன், ஃபிட்ஸ்ஹ்யூ இருவரும் 1954-இல் முன்வைத்த எண் அது. விலங்கிலிருந்து மனிதருக்கு 10, சராசரி மனிதரிலிருந்து எளிதில் பாதிக்கப்படுபவருக்கு இன்னொரு 10. பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் வேதிப்பாதுகாப்புத் திட்டம் இதைப் பிரித்தது: முதல் 10-இல், உடல் பொருளை எப்படி உறிஞ்சி வெளியேற்றுகிறது என்பதற்கு 4, உறுப்பு எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது என்பதற்கு 2.5, இரண்டாவது 10-இல் இவை இரண்டுக்கும் சமமாக 3.16. குறிப்பிட்ட பொருளுக்கு உண்மையான தரவு கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நம் 10 மி.கி.யை 100-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.1 மி.கி. அமெரிக்க முகமை இன்னொரு வழியில் போகும்: உடல் எடைகளின் விகிதத்துக்கு நான்காம் மூலம் எடுப்பது. 0.25 கிலோ எலி, 70 கிலோ மனிதர் என்றால் அது 0.24. ஆகவே மனிதருக்குச் சமமான டோஸ் 2.4 மி.கி. இந்தப் படியே உடலியக்க வேறுபாட்டின் பெரும்பகுதியைக் கணக்கில் எடுத்துவிடுவதால், விலங்குக் காரணி 10-இலிருந்து 3 ஆகக் குறையும். 2.4 ÷ 30 = 0.08. இரண்டு வழியும் ஒரே பக்கத்தில் முடிகின்றன.

90 நாள் ஆய்வை வாழ்நாளுக்கு நீட்டினாலோ, நோயெலே கிடைக்காமல் பாதிப்பு கண்ட மிகக் குறைந்த டோஸிலிருந்து தொடங்கினாலோ, இனப்பெருக்க ஆய்வே இல்லாவிட்டாலோ மேலும் காரணிகள் சேரும். மொத்தம் 3,000-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க முகமையின் 2002 பரிசீலனையின் பரிந்துரை. அதற்கு மேல் போனால், அந்த எண்ணில் தரவைவிட அறியாமையே அதிகம்.

கேள்வி: தொழிற்சாலைக் காற்றுக்கான ஆய்வில் எலிகளை நாளைக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள் வைத்திருந்தார்கள். குடியிருப்புப் பகுதிக்கு எப்படி மாற்றுவது?

பதில்: தொடர் வெளிப்பாட்டுக்கு 6/24 × 5/7, அதாவது 0.18-ஆல் பெருக்குங்கள். ஒரு கன மீட்டருக்கு 100 மி.கி. என்பது 18 ஆகும். உடலில் மெல்லச் சேர்ந்து பாதிப்பதற்கு இது பொருந்தும். கண், மூக்கு எரிச்சல் தரும் வாயுக்களுக்கு இப்படிச் சராசரி எடுக்கவே கூடாது. அங்கே அந்த நிமிடத்துச் செறிவுதான் தீங்கைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: புற்றுநோய் உண்டாக்கும் பொருளுக்குப் பாதுகாப்பான அளவே இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி வரம்பு போடுகிறார்கள்?

பதில்: மரபணுவை நேரடியாகச் சிதைக்கும் பொருள் என்றால், இதற்குக் கீழே ஒன்றும் ஆகாது என்ற வாசல் அளவு இருப்பதாக நம்ப ஆதாரம் இல்லை. அதனால் பி.எம்.டி.எல். புள்ளியிலிருந்து பூஜ்ஜியம் வரை நேர்கோடு இழுப்பார்கள். மனிதச் சமமாக்கிய கீழ் எல்லை கிலோவுக்கு 2 மி.கி. என்று கொள்வோம். அங்கே அபாயம் 10%. ஆகவே சரிவு 0.1 ÷ 2 = 0.05. லிட்டருக்கு 0.01 மி.கி. உள்ள நீரைத் தினம் 2 லிட்டர் வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் 60 கிலோ மனிதரின் டோஸ் கிலோவுக்கு 0.00033 மி.கி.; அபாயம் லட்சத்துக்கு 1.7. இது மேல் எல்லை மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது. லட்சத்தில் 1.7 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. உண்மை அபாயம் இதைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு குறைவு, பூஜ்ஜியமாகவும் இருக்கலாம். மரபணு சிதைவு வழியே செயல்படும் பொருள்களுக்கு, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் அபாயத்தை 10 மடங்கும், 2 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மடங்கும் உயர்த்தச் சொல்கிறது 2005-இன் அமெரிக்க வழிகாட்டுதல்.

விலங்கில் கட்டி வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கோடு பொருந்தாது. ஆண் எலியின் சிறுநீரகத்தில் மட்டும் சேரும் ஒரு புரதத்தால் உண்டாகும் கட்டிகள் மனிதருக்குப் பொருந்துவதாகக் கருதப்படுவதில்லை. வளைகோடு பொருத்துவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும்.

கேள்வி: எலியை விட்டு மனிதர்களிடமிருந்தே நேரடியாக அளவு–விளைவு உறவு கிடைத்திருக்கிறதா?

பதில்: கிடைத்திருக்கிறது, அவைதான் மிகவும் உலுக்குபவை. மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்துக்கு ஃபாரோ தீவுக் குழந்தைகளின் நரம்புவளர்ச்சித் தேர்வுகள் அடிப்படை. தொப்புள்கொடி இரத்தத்தில் லிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்ற கீழ் எல்லை. அதிலிருந்து 10 என்ற காரணியோடு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம் என்று அமெரிக்க முகமை 2001-இல் நிர்ணயித்தது. ஆர்செனிக்குக்கு உணவு, வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த கூட்டு வல்லுநர் குழு 2010-இல் நுரையீரல் புற்றுநோய்த் தரவிலிருந்து கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்ற கீழ் எல்லையை எடுத்தது. பெரிய மக்கள்தொகை ஆய்வு என்பதால் 10%-க்குப் பதில் 0.5% கூடுதல் அபாயத்தையே அங்கே அளவுகோலாக வைக்க முடிந்தது.

ஈயத்தின் கதை வேறு. 2005-இல் ஏழு ஆய்வுக் குழுக்களின் 1,333 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வில், இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 2.4-இலிருந்து 10 மைக்ரோகிராம் ஆகும்போது நுண்ணறிவு ஈவு 3.9 புள்ளி குறைந்தது. 10-இலிருந்து 20-க்கு மேலும் 1.9, 20-இலிருந்து 30-க்கு 1.1. முதல் சில மைக்ரோகிராம்களில்தான் வளைகோடு மிகச் செங்குத்து. 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு ஈயத்தில் இடமே இல்லை. அதே கூட்டு வல்லுநர் குழு, வாரத்துக்குக் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்று தான் முன்பு அனுமதித்த அளவை 2010-இல் திரும்பப் பெற்றது. அதன் இடத்தில் வேறு எண் வைக்கவில்லை.

கேள்வி: பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்ஃபீனால்-ஏ வரம்பை ஐரோப்பாவில் ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தார்களே, முன்பு சொன்னதெல்லாம் பொய்யா?

பதில்: பொய் அல்ல. 2015-இல் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற ஐரோப்பிய ஆணையம், 2023-இல் 0.2 நானோகிராம் என்றது. முன்பு அடிப்படை சிறுநீரக எடை. இப்போது சுண்டெலிகளின் ஒருவகை நோயெதிர்ப்பு உயிரணுவில் கண்ட மாற்றம். அந்த மாற்றம் மனிதருக்கு நோயாகுமா என்பதில் ஜெர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் உடன்படவில்லை; அது 200 நானோகிராம் என்று கணக்கிட்டது. ஆயிரம் மடங்கு வேறுபாடு முளைத்தது எந்தப் பாதிப்பைக் கேடு என்று எண்ணுவது, நிச்சயமின்மையை எப்படிக் கணக்கிடுவது என்ற முடிவுகளில்தான். எந்த வரம்பைப் படித்தாலும், எந்தப் பாதிப்பிலிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் தண்ணீரில் ஒரு பொருள் வரம்பைவிட ஒன்றரை மடங்கு இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அபாயமும் ஒன்றரை மடங்கா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. – ஒரு தாய்

பதில்: வரம்புக்கும் அளவுக்கும் உள்ள விகிதம் நோய் வரும் வாய்ப்பைச் சொல்வதில்லை. அது எங்கே போய் முடிகிறது என்பதை மேலே கணக்கிட்ட கற்பனைப் பொருளை வைத்தே காட்டுகிறோம்.

ஏற்கத்தக்க டோஸ் கிலோவுக்கு 0.1 மி.கி. 60 கிலோ மனிதருக்கு 6 மி.கி. அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தண்ணீருக்கு ஒதுக்கினால் 1.2 மி.கி.; 2 லிட்டருக்கு வகுத்தால் நீர் வரம்பு லிட்டருக்கு 0.6 மி.கி. உங்கள் நீரில் ஒன்றரை மடங்கு, 0.9 மி.கி. இருக்கிறது என்று கொள்ளுங்கள். பெரியவர் 2 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 0.03 மி.கி.; ஏற்கத்தக்க டோஸில் 30%-தான். உணவு வழியாக அதிகம் சேரவில்லை என்றால் அவசரம் இல்லை, மறுசோதனைக்குக் கொடுக்கலாம்.

புட்டிப்பால் குடிக்கும் 5 கிலோ குழந்தையின் கணக்கு அப்படியல்ல. உலக சுகாதார நிறுவனம் வைத்துக்கொள்ளும் 0.75 லிட்டர் என்றால் டோஸ் கிலோவுக்கு 0.135 மி.கி.; ஏற்கத்தக்க டோஸின் 1.35 மடங்கு. ஒரே குழாய், ஒரே எண், ஆனால் எல்லையைத் தாண்டுவது குழந்தை மட்டுமே. அறிக்கையில் உள்ள பொருளின் பெயர், அளவு, குழந்தையின் எடை, பால் கரைக்கும் நீரின் அளவு ஆகியவற்றை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மறுசோதனை முடிவு வரும்வரை பாலுக்கு மட்டுமாவது வேறு நீர் எடுங்கள். கொதிக்கவைப்பதை நம்ப வேண்டாம்: ஆர்செனிக், நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும்.